பழைய ஜீப்பைப் பார்த்தா மனசு ஏன் அலையுது?

கேள்வி: வீட்டுல டச் ஸ்கிரீன், சென்சார்னு எல்லாம் உள்ள புது எஸ்யூவி நிக்குது சார். ஆனா பழைய வில்லிஸ் ஜீப்போ லேண்ட் ரோவரோ ரோட்டுல போனா திரும்பித் திரும்பிப் பாக்குறேன். அதுல அப்படி என்ன இருக்கு?

பதில்: எனக்கும் அதே வியாதிதான் தம்பி! அந்த வண்டிங்கள்ல ஒவ்வொண்ணும் எதுக்கு இருக்குன்னு பாத்தாலே புரிஞ்சிடும். 1941ல உற்பத்திக்கு வந்த வில்லிஸ் எம்பிங்கிற அமெரிக்க ராணுவ ஜீப்பை எடுத்துக்கங்க, அதோட ஹெட்லைட்டைக் கழட்டாமலே பின்பக்கமாத் திருப்பலாம், எதுக்குன்னா ராத்திரி வண்டி நின்னு போச்சுன்னா பானெட்டைத் தூக்கிட்டு அதே வெளிச்சத்துல இன்ஜினை ரிப்பேர் பண்ணிக்கலாம். வண்டி நிக்கும், அதை ஓட்டுறவனே சரி பண்ணுவான்னு முன்கூட்டியே யோசிச்சுச் செஞ்சிருக்காங்க பாருங்க, எனக்கு அங்கதான் மனசு விழுந்துச்சு.

லேண்ட் ரோவர் 1948ல வந்தப்போ ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு இங்கிலாந்துல இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு, அதனால பாடிய அலுமினியக் கலவைல செஞ்சாங்க, பெரிய பிரஸ் மெஷின் இல்லாமலே வளைக்கணும்னு தகடெல்லாம் தட்டையாவே விட்டுட்டாங்க. இன்னைக்கு நாம அழகுன்னு ரசிக்கிற அந்தப் பெட்டி ஷேப் அப்படி வந்ததுதான்.

அப்புறம் வழக்கமான கியர் லீவருக்குப் பக்கத்துல இருக்க, ஹை-லோ மாத்துற அந்தத் தனி லீவர். அதை லோவுல போட்டா வில்லிஸ்ல வேகம் பாதியாக் குறைஞ்சு சக்கரத்துக்குப் போற இழுவை ஏறக்குறைய 2 மடங்கு ஆகும், பாறை மேல வண்டி எறும்பு மாதிரி ஊர்ந்து ஏறும்போது ஒவ்வொரு கல்லும் ஸ்டீரிங் வழியா கைக்குத் தெரியும். அந்த சுகம் புது வண்டில எனக்குக் கிடைச்சதே இல்ல.

கேள்வி: அப்போ ஒண்ணு வாங்கிடலாமா சார்?

பதில்: வாங்குங்க, ஆனா பெயின்ட் பளபளப்பைப் பாத்து காசு குடுத்துடாதீங்க. அலுமினிய பாடி இரும்பு மாதிரி துருப்பிடிக்காது, ஆனா அடில வண்டியைத் தாங்குற சட்டமான சேஸிஸ் இரும்புதான், அது உள்பக்கமிருந்து அரிக்கும். வண்டிக்குக் கீழ படுத்து சுத்தியலால மெதுவா தட்டிப் பாருங்க, கணீர்னு இல்லாம மந்தமா சத்தம் வந்தாலோ பொலபொலன்னு உதிர்ந்தாலோ விட்டுடுங்க. இருக்கிறது பழைய டிரம் பிரேக்தான், ஏர்பேக் கிடையாது, பவர் ஸ்டீரிங்கும் இருக்காது, அதனால ஹைவேல புது வண்டிக்காரங்களோட போட்டி வேண்டவே வேண்டாம். வாங்கினதும் முதல் வேலையா பிரேக்கை முழுசா பிரிச்சுப் பாத்துடுங்க.