அத்தான் அனுப்பும் படமும் அடகுக்குப் போகும் நகையும்

கேள்வி: எனக்கு வயது 39. தனியார் நிறுவனத்தில் வேலை. மாதம் 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி தையலில் 9,000 வரை சம்பாதிக்கிறார். பாளையங்கோட்டைக்குத் தெற்கே என் பெயரில் 5 சென்ட் மனை இருக்கிறது. இப்போது 9,000 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறோம். உள்ளூர்ப் பொறியாளர் வரைந்த 1,250 சதுர அடி வீட்டுக்கு அனுமதி கிடைத்து, வங்கியும் 25 லட்சம் தர ஒப்புக்கொண்டது. சேமிப்பு 9 லட்சம். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய பிறகு, மும்பையில் இருக்கும் அத்தான் இணையத்தில் விற்கும் நவீன வீட்டு பிளான்களை அனுப்ப ஆரம்பித்தார். "மாடியும் எடு, நாங்கள் ஊருக்கு வந்தால் தங்க வேண்டும், ஓய்வு பெறும்போது 6 லட்சம் தருகிறேன்" என்கிறார். சிமெண்டுக்கு வரி குறைந்துவிட்டது, இதுதான் நேரம் என்றும் சொல்கிறார். இரண்டு பிளான்களை 38,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். கடைசியாக வாங்கியது 1,850 சதுர அடி, வெளிநாட்டு வடிவம். அதற்காகத் தோண்டிய குழிகளை மூடி வேறிடத்தில் தோண்டியதில் 70,000 போனது. மனைவியின் நகையை வைத்து ஜூனில் 2.5 லட்சம், செப்டம்பரில் 1.5 லட்சம் வாங்கினேன். செப்டம்பர் பணம் இன்னும் கணக்கில் இருக்கிறது. மீதிக்கு 8 லட்சம் தனிநபர் கடன் எடுக்கலாமா? எஸ்ஐபி (மாதாமாதம் பரஸ்பர நிதியில் போடும் முதலீடு) போட்டால் வீட்டுக்கடன் வட்டி முழுவதும் திரும்பிவிடும் என்று நண்பர் சொல்கிறாரே, சரியா?

பதில்: தனிநபர் கடன் வேண்டாம். எஸ்ஐபி பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த இரண்டு தேதிகள்தான். ஜூனில் ஒரு படம் வந்தது, நகை போனது. செப்டம்பரில் இன்னொரு படம் வந்தது, மறுபடியும் நகை போனது. பிளானுக்குக் கொடுத்த 38,000 வருத்தமான செலவு, ஆனால் அதோடு முடிந்த செலவு. அத்தானிடம் "முடியாது" என்று சொல்லத் தயங்கி, அந்தத் தயக்கத்துக்கு மனைவியின் நகையை விலையாகக் கொடுத்துவருகிறீர்களே, அது முடிகிற செலவு அல்ல.

முதலில் கணக்கைப் பாருங்கள். பழைய வீடு 1,250 சதுர அடி. சதுர அடிக்கு 2,400 என்று வைத்தால் 30 லட்சம். போர்வெல், செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர் என்று இன்னொரு 3 லட்சம். மொத்தம் 33. உங்களிடம் கடனும் சேமிப்பும் சேர்த்து 34. இழுத்துப் பிடித்தாலும் நடக்கக்கூடிய வீடு அது.

புதிய வீடு 1,850 சதுர அடி. இரண்டு தள உயரத்துக்கு எழும்பும் கூடம், தூணில்லாமல் வெளியே நீளும் பால்கனி, முழுச்சுவர்க் கண்ணாடி எல்லாம் இருக்கும்போது 2,400-இல் எந்தக் காண்டிராக்டரும் முடித்துத் தர மாட்டார். 2,700 என்றே வையுங்கள். 50 லட்சம் ஆகிறது. மேல்செலவு 3 சேர்த்தால் 53. வீட்டுக்கடன் 25, சேமிப்பு 9, நகைக்கடன் 4, நீங்கள் கேட்கும் தனிநபர் கடன் 8, ஆக 46. இன்னும் 7 லட்சம் குறைகிறது. அந்த இடத்தில் அத்தான் என்றைக்கோ தருவதாகச் சொன்ன 6 லட்சத்தை நிறுத்தியிருக்கிறீர்கள். தளம் போடும் அன்று கம்பிக்காரருக்கும் ஜல்லிக்காரருக்கும் அந்தப் பேச்சைக் கொடுக்க முடியாது.

மாதக் கணக்கு இதைவிட மோசம். 25 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் 20 ஆண்டுத் தவணை சுமார் 21,700. தனிநபர் கடன் 8 லட்சம், 14 சதவீதம், 5 ஆண்டு என்றால் மாதம் 18,600. நகைக்கடன் வட்டி 3,300. வீடு முடியும்வரை வாடகை 9,000. கூட்டினால் 52,600. வருகிற 71,000-த்தில் மிஞ்சுவது 18,400. அரிசி, பருப்பு, பள்ளிக் கட்டணம், பெட்ரோல், திருவிழா, கல்யாணத்துக்குச் செய்யும் மொய் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. அடங்காத மாதம் மீதி நகையும் போகும்.

சிமெண்டுக்கு வரி குறைந்துவிட்டது, பெரிதாகக் கட்ட இதுதான் நேரம் என்றும் அத்தான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமானது உண்மை. மூட்டைக்கு ஏறக்குறைய 25, 30 ரூபாய் குறையலாம். உங்கள் பெரிய வீட்டுக்கு 750 மூட்டை என்று வைத்தாலும் மிச்சம் இருபதாயிரத்துச் சொச்சம். அதை நம்பி 20 லட்சம் கூடுதலாகச் செலவு செய்யலாமா?

இணையத்தில் வாங்கிய பிளானைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கம் பலர் இதில் பணம் விடுகிறார்கள். அமெரிக்க இணையதளங்களில் விற்கும் ஆயத்த பிளான்கள் பெரும்பாலும் மரச்சட்ட வீடுகளுக்கு வரைந்தவை. வெளிச்சுவர் அங்கே சுமார் 6 அங்குலம். நம் கொத்தனார் கட்டுவது 9 அங்குலச் செங்கல் சுவர். உங்கள் வீட்டின் இரண்டு தளத்துக்கும் வெளிச்சுற்று ஏறத்தாழ 250 அடி வரும். 3 அங்குலம் தடித்தால் 60 சதுர அடிக்கு மேல் சுவரே தின்றுவிடும். வீட்டைப் பெரிதாக்கினால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும். பெரிதாக்காவிட்டால் அறைகள் சுருங்கும். அஸ்திவாரத்தின் ஆழத்தையும் கம்பியின் கனத்தையும் மண்ணைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கும். திசையன்விளைப் பக்கம் செந்நிறத் தேரி மணல். தாமிரபரணிக்கரைத் தாழ்விடம் என்றால், 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுத்தான் பேஸ்மெண்ட் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். எங்கோ இருந்து விற்ற படத்துக்கு இவை தெரியாது. மேற்குப் பார்த்த முழுக்கண்ணாடிச் சுவரில் சித்திரை வெயில் நேராக இறங்கும். சன்ஷேடு இல்லாத ஜன்னலில் ஐப்பசி மழை உள்ளே வரும். ஆடிக்காற்று புழுதியோடு அடிக்கும்போது அந்தப் பெரிய கதவுகளைத் திறந்து வைக்கவே முடியாது.

வாங்கியதை எறிய வேண்டாம். சமையலறையிலிருந்து பின்வாசலுக்குப் போகும் வழி, அலமாரிகளின் அமைப்பு, வெளிச்சம் வரும் விதம் என்று உங்களுக்குப் பிடித்தவற்றைக் குறித்து உள்ளூர்ப் பொறியாளரிடம் கொடுங்கள். 1,250 சதுர அடிக்குள் எதை ஏற்ற முடியுமோ அதை அவர் ஏற்றித் தருவார்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வங்கி உங்களுக்குப் பணத்தைக் கட்டம் கட்டமாகத்தான் தரும். ஒவ்வொரு கட்டத்திலும் அவர்களுடைய பொறியாளர் அனுமதி பெற்ற வரைபடத்தை வைத்துப் பார்ப்பார். தரைத்தளத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு வேறு வீடு எழுந்தால் அடுத்த தவணை நின்றுபோகும். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட, விவரங்கள் சரி என்று நாமே உறுதி கொடுக்கும் சுயசான்று முறையில் இணையவழியே அனுமதி பெறும் வசதி 2024 ஜூலையில் வந்தது. உங்கள் 5 சென்ட் 2,178 சதுர அடிதான், அதற்குள் வரும். அதனால் புதிய அனுமதி சுலபம். ஆனால் வங்கி புதிய மதிப்பீட்டைக் கேட்கும், உங்கள் சம்பளத்துக்கு அதிகம் தர யோசிக்கும். அந்த இழுபறியில் வேலை பாதியில் நிற்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

எஸ்ஐபி விஷயம். கடன் தொகையில் ஆயிரத்தில் ஒரு பங்கை, அதாவது மாதம் 2,500-ஐ, 20 ஆண்டு போட்டால் 12 சதவீத வளர்ச்சியில் சுமார் 25 லட்சம் வரும் என்பது அந்தக் கணக்கு. நீங்கள் கட்டப்போகும் வட்டி சுமார் 27 லட்சம். 12 சதவீதம் கிடைத்தாலே முழுதாகத் திரும்பாது. 9 சதவீதமே கிடைத்தால் வருவது 17 லட்சத்துக்கும் குறைவு. பங்குச்சந்தை யாருக்கும் 12 சதவீதம் என்று எழுதிக் கொடுத்ததில்லை. எஸ்ஐபி நல்ல பழக்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நகை அடகில் இருக்கும்போது, பெரிய கடனுக்குச் சமாதானமாக அதைச் சொல்வது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. நகையைத் திருப்பிய பிறகு ஆரம்பியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. கணக்கில் கிடக்கும் செப்டம்பர் பணம் 1.5 லட்சத்தோடு நாளைக்கே போய் அந்த நகையைத் திருப்புங்கள். அதுவரையான வட்டியைச் சம்பளத்திலிருந்து கொடுங்கள். வீட்டில் கேட்கிற முதல் கேள்விக்கு அதுவே பதிலாக இருக்கும். பிறகு பழைய 1,250-க்குத் திரும்புங்கள். புதிதாகத் தோண்டிய குழிகளில் பழைய வீட்டின் தூண்களை நிறுத்த முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள்; அவர் சொல்கிற மாற்றத்தை வங்கிக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். வீட்டுக்கான 33 லட்சம், பிளானும் மண்வேலையும் விழுங்கிய 1.08 லட்சம் இவற்றோடு, பின்னாளில் மாடியைத் தாங்க அஸ்திவாரத்தைக் கொஞ்சம் கனமாக்க 1 லட்சம் வைத்தாலும் மொத்தம் 35 லட்சம் ஆகிறது. கடன் 25, சேமிப்பு 9, ஜூன் நகைக்கடன் 2.5, ஆக 36.5. ஒன்றரை லட்சம் கையில் நிற்கும். வீட்டுத் தவணையும் நகை வட்டியும் சேர்ந்து மாதம் 23,800, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஜூன் நகைக்கு ஓராண்டுக் கெடு இருக்கும், அதற்குள் வட்டி கட்டி மாற்றி வைக்க 25,000 ரூபாயை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். வாடகை நின்றதும் அந்த 9,000-ஐ மாதாமாதம் நகைக்கடன் அசலுக்கே கட்டுங்கள். இரண்டரை ஆண்டுக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

மாடிக்கு வழியை மட்டும் விட்டு வையுங்கள். படிக்கட்டை வெளியே வைக்கச் சொல்லுங்கள். தளத்துக்கு மேல் நீட்டி விடும் கம்பிகளைச் சிமெண்ட் கலவை பூசி மூடுங்கள், இல்லையென்றால் பத்து வருடத்தில் துருவேறி ஒன்றுக்கும் ஆகாது. அத்தான் பணம் வரும் நாளில் மாடி எழட்டும். ஆனால் மனை உங்கள் பெயரில் இருக்க, அவர் பணத்தில் எழும் அறை யாருடையது? அது கடனா, அன்பளிப்பா, பங்கா? இதைப் பேசி எழுதிக்கொள்ளாமல் அவரிடம் ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம். நாளை உங்கள் பிள்ளைகளும் அக்கா பிள்ளைகளும் அந்தப் படிக்கட்டில் நின்று சண்டை போடக் கூடாது.

தம்பி, இதை அத்தானிடம் போனில் சொல்லாதீர்கள். முதலில் அக்காவிடம் சொல்லுங்கள். நகை அடகில் இருப்பது அக்காவுக்குத் தெரியாது என்றே உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதி, 18,400 என்ற அந்த எண்ணைக் காட்டுங்கள். "கீழே ஓர் அறை எப்போதும் உங்களுக்குத் திறந்திருக்கும்" என்றும் சொல்லுங்கள். பிறகு பொறியாளர் தரும் புதிய மதிப்பீட்டை எனக்கு அனுப்பி வையுங்கள், மரவேலைக்கும் மின்வேலைக்கும் எவ்வளவு போட்டிருக்கிறார் என்று பார்த்துச் சொல்கிறேன்.