மட்பாண்டச் சூளைக்கு அடித்தளம்: கேள்வி பதில்

கேள்வி (புதுச்சேரி): ஐயா, கொட்டகையில் ஏற்கெனவே கான்கிரீட் தரை இருக்கிறது. 1,280 டிகிரி செல்சியஸ் எட்டும் எரிவாயுச் சூளையை அதன் மீதே கட்டலாமா?

பதில்: நேரடியாகக் கட்ட வேண்டாம். சிமெண்ட் நீரைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு இறுகும் பொருள். வெப்பம் 300 டிகிரியைத் தாண்டும்போது கான்கிரீட் வலுவிழக்கத் தொடங்குகிறது. 400 முதல் 500 டிகிரிக்குள் அதிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு சிதைந்து சுண்ணாம்பாகிவிடுகிறது. சூளை ஆறிய பிறகு அந்தச் சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை இழுத்து உப்புவதால், தொடக்கத்தில் நன்றாகத் தெரிந்த தரை போகப்போகப் பொலபொலவென்று உதிரும்.

உங்கள் தரையை உடைக்கத் தேவையில்லை. அது 4 முதல் 6 அங்குலக் கனமும் உள்ளே கம்பி வலையும் கொண்டதாக இருந்தால், அதன் மேல் ஹாலோ பிளாக்குகளைப் படுக்கவைத்து, துளைகள் ஒரே கோட்டில் வரும்படி அடுக்குங்கள். ஒரு முனையில் குனிந்து பார்த்தால் மறுமுனையின் வெளிச்சம் தெரிய வேண்டும். அந்தத் துளைகளில் ஓடும் காற்றுதான் வெப்பத்தைக் கீழே இறங்கவிடாமல் வாங்கிச் செல்கிறது. ஆகவே அங்கே விறகையோ சாக்கையோ சாத்தி வைக்கக் கூடாது.

பிளாக்கும் சிமெண்டால் ஆனதுதான் என்பதால், அதன் மீது இரண்டு வரிசை வெப்பத்தடுப்புச் செங்கல், அதற்கும் மேலே ஒரு வரிசை தீச்செங்கல் (கடும் வெப்பம் தாங்கும் கனமான கல்) என்று தளம் அமைய வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இலேசான வெப்பத்தடுப்புக் கல், பாண்டம் அடுக்கும் தட்டுகளின் பாரத்தையும், பாண்டங்களிலிருந்து உருகிச் சொட்டும் மெருகுப் பூச்சையும் தாங்காது. இணைப்புகளுக்குத் தீக்களிமண் குழம்பு போதும், சிமெண்ட் சாந்து கூடாது.

கேள்வி (கோவில்பட்டி): எங்கள் இடம் கரிசல் மண். அடித்தளத்துக்கு எவ்வளவு ஆழம் வானம் தோண்டுவது?

பதில்: கரிசல் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும். ஒரு தீச்செங்கல் மூன்றரை முதல் நான்கு கிலோ இருக்கும் என்பதால், ஆயிரம் கல் கொண்ட சூளை நான்கு டன் வரை நிற்கும். அத்தனை பாரமும் சீராக இறங்காவிட்டால் முதலில் விரிசல் விடுவது மேல் வளைவுதான். எனவே ஆழத்தை அங்குலக் கணக்கில் முன்கூட்டியே முடிவு செய்யாமல், கோடை வெடிப்பு எவ்வளவு கீழே போகிறது என்று ஒரு குழி வெட்டிப் பாருங்கள். அதற்கும் கீழே, கெட்டியான மண் வரும்வரை கரிசலை அள்ளிவிட்டு, கிராவலை அரையடிக்கு ஒரு தடவை நீர் தெளித்துத் திமிசு போட்டு நிரப்பி, அதன் மேல் கம்பி கட்டிய கான்கிரீட் பலகம் போடுங்கள். பலகம் சூளையைவிட நாற்புறமும் ஓரடியாவது அகலமாக இருக்கட்டும். மழைநீர் அருகே தேங்காதபடி சுற்றிலும் வாட்டம் கொடுங்கள். பலகம் சற்றுச் சாய்ந்தாலும் சுவர் முழுவதும் சாய்ந்தே ஏறும் என்பதால், ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் முதல் கல்லை வைக்காதீர்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): விறகுச் சூளையின் புகைபோக்கியையும் அதே பலகத்தில் எழுப்பலாமா? நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது.

பதில்: உயரமான புகைபோக்கி சிறு பரப்பில் பெரும் பாரத்தை இறக்குவதால், அதன் அடியில் மட்டும் பலகத்தைக் கனமாக்குவது அல்லது தனி அடித்தளம் கொடுப்பது நல்லது. தனியாகக் கொடுத்தால், சூளையும் புகைபோக்கியும் சேருமிடத்தில் கற்களைக் கோத்துக் கட்டாமல் சிறு இடைவெளி விட்டுத் தீப்பஞ்சு (வெப்பம் தாங்கும் செராமிக் இழைப் பஞ்சு) திணியுங்கள். ஈரத்துக்கு, கான்கிரீட்டின் அடியில் தடித்த பாலித்தீன் தாள் விரித்து, தளத்தைத் தரைமட்டத்திலிருந்து உயர்த்திவிடுங்கள். ஈரமான அடித்தளத்தில், விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகும்.

கேள்வி (சேலம்): வீட்டில் வைக்கும் சிறிய மின்சூளைக்கும் இவையெல்லாம் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அதற்குரிய இரும்புத் தாங்கியில், தீப்பிடிக்காத தரைமேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்தால் போதும்.

கேள்வி (காரைக்குடி): கட்டி முடித்ததும் எப்போது தீ மூட்டலாம்?

பதில்: பலகத்தை முதல் ஒரு வாரமாவது நனைத்து வைத்து, போட்ட நாளிலிருந்து 28 நாள் கழியட்டும். முதல் தீயில் பாண்டம் வைக்காமல், வெப்பத்தை 100 டிகிரிக்குள்ளேயே நீண்ட நேரம் பிடித்து வையுங்கள். பார்வைத் துளைக்கு முன் ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டினால், கற்களிலும் குழம்பிலும் ஈரம் இருக்கும்வரை அதில் நீராவி படியும். படிவது நின்ற பிறகே தீயைக் கூட்டுங்கள்.