காப்பகப் பூனைக்கு ஸ்பான்சர் ஆவது: கேள்வி பதில்

மீட்கப்பட்ட பூனைகளுக்கான காப்பகம் ஒன்றில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். தட்டு கழுவ வந்தவள், இப்போது மருந்து அறையையும் ஸ்பான்சர் கணக்கையும் பார்த்துக்கொள்கிறேன். வந்திருக்கும் கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குச் சொல்கிறேன்.

அக்கா, ஸ்பான்சர் ஆவதும் தத்தெடுப்பதும் ஒன்றுதானே?

இல்லை. தத்தெடுத்தால் பூனை உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஸ்பான்சர் ஆனால் அது காப்பகத்திலேயே இருக்கும். அதன் சாப்பாடு, மருந்து, மலஜலம் கழிக்கும் மண் தட்டு, டாக்டர் செலவு இவற்றில் ஒரு பங்கை நீங்கள் மாதாமாதம் ஏற்கிறீர்கள். அவ்வப்போது படமும் அது எப்படி இருக்கிறது என்ற செய்தியும் வரும். பெரும்பாலும் வீடு கிடைக்க வாய்ப்பில்லாத பூனைகளைத்தான் இந்தப் பட்டியலில் வைப்போம். வயதானவை, தீராத நோய் உள்ளவை, மனிதர் கை பட்டாலே நடுங்குபவை. குட்டியாக இருக்கும்போது, சுமார் இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை, மனிதரோடு பழகாத பூனைக்குப் பிற்பாடு நம்மை நம்புவது ரொம்பக் கடினம். அதன் மேல் குற்றமில்லை.

நான் அனுப்பும் பணம் அந்தப் பூனைக்கே போகிறது என்று எப்படி நம்புவது?

நல்ல கேள்வி. நேராகச் சொல்கிறேன்: பல காப்பகங்களில் அது பொதுக் கணக்கில்தான் சேரும். எங்களிடமும் அப்படித்தான். இதை மறைத்தால்தான் தப்பு.

ஏன் அப்படி என்றால், ஒற்றைக்கண் குட்டி ஒன்றின் படத்தைப் போட்டால் ஒரே வாரத்தில் நாற்பது பேர் வருவார்கள். அதே அறையின் மூலையில் இருக்கும் பன்னிரண்டு வயதுக் கறுப்புப் பூனைக்கு ஒருவர்கூட வர மாட்டார். நாற்பது பேர் பணத்தையும் அந்தக் குட்டிக்கே செலவழிக்க அதற்கு என்ன தேவை இருக்கிறது? அந்தப் பணத்தில்தான் மூலையில் இருப்பவளுக்கு ரத்தப் பரிசோதனை நடக்கிறது. ஒரு பூனைக்குப் பல ஸ்பான்சர்கள் இருப்பார்கள் என்பதையும் பணம் எல்லாப் பூனைகளுக்கும் பொதுவாகச் செலவாகும் என்பதையும் முதலிலேயே சொல்கிற இடத்தை நம்பலாம். சொல்லவில்லை என்றால் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் வேறு இடம் பாருங்கள்.

அப்புறம், எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. பணம் அனுப்பும் முன் முடிந்தால் ஒருமுறை நேரில் போங்கள். படங்கள் அழகாக இருக்கும். நீங்கள் மண் தட்டைப் பாருங்கள். அள்ளியிருக்கிறதா, எத்தனை பூனைக்கு எத்தனை தட்டு, கதவைத் திறந்ததும் கண் எரிகிறதா? வேறெதையும்விட அது உண்மையைச் சொல்லும்.

ஸ்பான்சர் செய்த பூனையைக் கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா?

பொதுவாக முடியாது. வீட்டுக்குப் போகக்கூடிய பூனை என்றால் அதைத் தத்துப் பட்டியலில் வைத்திருப்போம்.

பட்டியலில் இருபது பூனை இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் மனசுக்குப் பிடித்ததை எடுங்கள், தப்பில்லை. ஆனால் என்னிடம் கேட்டால் வயதான பூனையைச் சொல்வேன்.

எங்களிடம் கறுப்பி என்று ஒருத்தி இருக்கிறாள். பதிமூன்று வயது, சிறுநீரகம் பழுது. வயதான பூனைகளுக்கு அடிக்கடி வரும் நோய் இது. சிறுநீரகத்தில் பெரும்பகுதி போன பிறகுதான் வெளியே தெரியும்: தண்ணீர் நிறையக் குடிக்கும், தட்டில் பெரிய பெரிய ஈரக் கட்டிகளாக இருக்கும், எடை மெல்ல இறங்கும். போன சிறுநீரகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் பாஸ்பரஸ் குறைந்த உணவு, குமட்டலுக்கு மருந்து, தோலுக்கு அடியில் சலைன், இவற்றை வைத்து நல்ல நாட்களைக் கூட்ட முடியும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் அவளுக்கு நான்தான் சலைன் ஏற்றுகிறேன். பையை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டுக் கைச்சூட்டுக்குக் கொண்டுவருவேன். குளிர்ச்சியாக ஏறினால் உடம்பைச் சுருக்கிக்கொள்வாள். பழைய துண்டு ஒன்றை மேஜையில் விரித்தால் தானாகவே அதில் வந்து உட்காருவாள். தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி ஊசியைச் செருகினால், நூறு மில்லி இறங்குவதற்குள் முதுகில் ஒரு திமில் எழும்பும். இறக்கிவிட்டதும் அந்தத் தண்ணீர் ஒரு பக்க முன்னங்காலுக்குச் சரிந்துவிடும். மதியத்துக்குள் உடம்பு அதை இழுத்துக்கொள்ளும், சாயங்காலம் கிண்ணத்தை நக்கிக் காலி செய்வாள். இந்தச் சலைனும் ஊசியும் ஒரு மாதம்கூட நிற்கக் கூடாது. அதனால்தான் ஒரேயடியாக வரும் பெரிய தொகையைவிட மாதாமாதம் தவறாமல் வரும் சின்னத் தொகை எனக்குப் பெரிது.

வரிச் சலுகை உண்டா?

இது என் துறை இல்லை. ரசீது கேட்டு வாங்கி, கணக்குத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

எனக்குப் பிடித்த பூனைக்கு நேரே எஃப்ஐவி என்று போட்டிருக்கிறது. தொட்டால் எனக்கு வந்துவிடுமா?

வராது. அது பூனைகளுக்குள் மட்டும் பரவும் வைரஸ். மனிதருக்கு வரும் எச்ஐவியின் உறவுக்கார வைரஸ்தான், ஆனால் மனிதரைத் தொற்றாது. தாராளமாகப் போய்ப் பாருங்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களோடு உடன்பட முடியவில்லை. எஃப்ஐவி பூனையை மற்றவற்றோடு ஒரே அறையில் விடும் காப்பகத்துக்கு நான் காசு தர மாட்டேன். ஆரோக்கியமான பூனைக்கு நாமே நோய் கொடுப்பது போல ஆகாதா?

நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தேன். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

இந்த வைரஸைக் கலிபோர்னியாவில் 1986-ல் கண்டுபிடித்தார்கள். எய்ட்ஸ் பயம் உலகம் முழுக்க உச்சத்தில் இருந்த நேரம். அந்தப் பயம் இந்தப் பூனைகளின் மேலும் விழுந்துவிட்டது. உண்மையில் இது முக்கியமாகப் பரவுவது ஆழமான கடிக்காயத்தால். அதனால்தான் சுற்றித் திரிந்து சண்டை போடும், கருத்தடை ஆகாத ஆண் பூனைகளிடம் இது அதிகம். கருத்தடை செய்து, அமைதியாகப் பழகி, ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டு, ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும் பூனைகளுக்குள் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. எங்கள் பெரிய அறையில் வருடாவருடம் பரிசோதிக்கிறோம். இதுவரை புதிதாக ஒன்றுக்கும் வரவில்லை. தொற்று இருந்தும் வருடக்கணக்கில் நன்றாக வாழும் பூனைகள் நிறைய.

நீங்கள் பயப்பட வேண்டியது இன்னொன்றுக்கு: எஃப்இஎல்வி, பூனை லுக்கீமியா வைரஸ். 1964-ல் கிளாஸ்கோவில் கண்டுபிடித்தது. எச்சில் வழியாகவே பரவும். நக்கிக்கொடுப்பது, கிண்ணத்தைப் பகிர்வது எல்லாமே ஆபத்து. அந்தப் பூனைகளைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். இரண்டு பெயரையும் மக்கள் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

குறைவு என்றால் பூஜ்யம் இல்லையே அக்கா. புதுப் பூனை வந்தால் சண்டை வராதா?

வரும். இந்த இடத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதனால்தான் புதிதாக வரும் எந்தப் பூனையையும் முதல் சில வாரம் தனி அறையில் வைக்கிறோம். பிறகு கம்பி வலைக்கு இரு பக்கமும் சாப்பாடு வைத்துப் பழக்குகிறோம். கடிக்கிற சுபாவம் மாறவில்லை என்றால் எஃப்ஐவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குத் தனி இடம்தான். இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்யாமல் கும்பலாக அடைத்து வைக்கும் இடத்துக்குக் காசு தராதீர்கள், நானும் தர மாட்டேன். மண் தட்டைப் பாருங்கள் என்று சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். நெருக்கடியான அறையில்தான் சண்டை வரும்.

இவ்வளவு கஷ்டப்படுவதற்குத் தொற்று உள்ளவற்றைக் கருணைக்கொலை செய்துவிடலாமே? குட்டியிலேயே பரிசோதித்தால் தெரிந்துவிடுமே?

குட்டி விஷயத்தில் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நாங்கள் வழக்கமாகச் செய்யும் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப்பொருளைத் தேடுகிறது. தாய்க்குத் தொற்று இருந்தால் அவளுடைய பாலில் வந்த எதிர்ப்புப்பொருள் குட்டியின் ரத்தத்தில் ஆறு மாதம் வரைகூட இருக்கும். குட்டிக்கு நோயே இல்லாமல் பரிசோதனை மட்டும் ‘உண்டு’ என்று காட்டும். ஆறு மாதம் தாண்டித் திரும்ப எடுத்தால் பல குட்டிகளுக்கு ‘இல்லை’ என்று வந்துவிடும். ஒரே ஒரு முடிவைப் பார்த்துவிட்டு அவற்றைக் கொன்றிருந்தால்?

பெரிய பூனைக்கும் இதுதான் பதில். சாப்பிட முடியாமல், வலி அடங்காமல், டாக்டரும் கைவிட்ட நிலையில் கருணைக்கொலை செய்யத்தான் வேண்டும்; நான் பக்கத்தில் இருந்து பிடித்திருக்கிறேன். வெயிலில் படுத்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருக்கும் பூனைக்குச் சீட்டில் எழுதிய மூன்று எழுத்துக்காகச் செய்யக் கூடாது. இதில் எனக்கு வேறு கருத்து கிடையாது. எஃப்ஐவி பற்றி இன்னும் ஏழெட்டுக் கேள்வி வந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் பதில் மேலேயே இருக்கிறது.

ஸ்பான்சர் செய்த பூனையை நாமே வளர்க்கத் தருவார்களா?

மூன்றாவது கேள்வியைப் படியுங்கள்.

என் ஆண் பூனை நேற்றிலிருந்து தட்டில் போய்ப் போய் உட்காருகிறது, ஒரு சொட்டுகூட வரவில்லை. கத்துகிறது. என்ன மருந்து தரலாம்?

எந்த மருந்தும் தராதீர்கள். இதைப் படித்த உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

என் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பூனையை ஸ்பான்சர் செய்து கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஏழு வயது. சரியா?

அருமையான பரிசு. ஒன்று மட்டும்: வயதான பூனை என்றால், அது ஒரு நாள் இறந்துபோகும் என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள். அந்தச் செய்தியை எங்களிடமிருந்துதான் முதலில் கேட்கிறாள் என்றால் தாங்க மாட்டாள். சில குழந்தைகள் கடிதம் எழுதுவார்கள். நான் அவற்றைப் பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். பயந்த பூனைகளுக்கு மனிதக் குரல் பழகுவதற்கு அது உண்மையிலேயே உதவுகிறது.

நடுவில் பணம் கட்ட முடியாமல் போனால்?

நிறுத்திக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். ஒரு மாதம் முன்னால் ஒரு வரி சொல்லிவிடுங்கள். மருந்து வாங்கும் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்வோம்.

ஸ்பான்சர் பூனையை வீட்டுக்கு…

மூன்றாவது கேள்வி.

கறுப்பி இப்போது எப்படி இருக்கிறாள்?

இன்று காலை எடை 2 கிலோ 900 கிராம். போன வாரத்தைவிட நூறு கிராம் கூட. நாளைக்குச் சலைன் நாள்.