தோட்டத்துக்குப் போ

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். மகன் ஏழாம் வகுப்பு. வருகிற ஜூனிலிருந்து ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வாரம் இரண்டு பீரியட் வேளாண்மை வகுப்பு வைக்கப்போவதாகப் பள்ளியில் அறிவித்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரே சத்தம். "எங்கப்பா வயலை வித்துத்தான் என்னைப் படிக்க வச்சாரு. என் பிள்ளையத் திரும்பவும் சேத்துக்குள்ள இறக்கவா இவ்வளவு பீஸ் கட்டுதேன்?" என்று ஒருவர் எழுந்து கேட்டார். பாதிப் பேர் கைதட்டினார்கள். போதாததற்கு எங்கள் பள்ளியில் மண் என்று எதுவும் கிடையாது, முழுக்க சிமெண்ட் தளம். சிகாகோவில் இருக்கும் என் அண்ணன், அங்கே நகரத்துக்குள்ளேயே விவசாயத்துக்கென்று ஒரு மேல்நிலைப் பள்ளி நடக்கிறது என்கிறான். எனக்கு ஆதரித்துப் பேச ஆசை. ஆனால் அந்தக் கைதட்டலுக்கு என்ன பதில் சொல்ல? அடுத்த கூட்டத்துக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது.

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

ஆதரித்துப் பேசுங்கள். ஆனால் கைதட்டியவர்களை விவரம் இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டு பேசாதீர்கள். கார் சாகுபடி தப்பி, அடுத்து வந்த பிசான சாகுபடியில் பாதி மணி பிடிக்காத சாவியாகப் போன வருஷங்களை அவர்கள் வீடுகள் பார்த்திருக்கும். அந்தச் சத்தத்தில் இருப்பது திமிர் இல்லை, பட்டறிவு.

இன்னொன்று. நம் பள்ளிக்கூடங்களில் வேளாண்மை வகுப்பு ஏற்கெனவே ரொம்ப காலம் நடந்திருக்கிறது. நான் படித்த பள்ளியில் பின்கட்டில் கத்தரி, வெண்டை, நாலு வாழை நிற்கும். பிரேயருக்குப் பிந்தி வந்தவன், வீட்டுக்கணக்கு போடாதவன், சட்டையில் பட்டன் இல்லாதவன், இவர்களுக்குத்தான் அங்கே வேலை. 'தோட்டத்துக்குப் போ' என்று வாத்தியார் சொன்னால் களை பறிக்க வேண்டும், அடிபம்பில் அடித்து இருபது குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். நன்றாகப் படிக்கிற பையன்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு மாதம் நான் அநேகமாகத் தினமும் அங்கேதான் கிடந்தேன். சைக்கிள் செயின் கழன்று கழன்று விழும், அவ்வளவுதான் குற்றம். ஒருநாள் வெண்டையில் முதல் பிஞ்சு விட்டிருந்தது. ஓடிப்போய் சாரிடம் சொன்னேன். "களையப் பறிச்சியாலே?" என்றார்.

வகுப்புக்குள்ளே வந்தால் அடுத்த பாடம்: "படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தாம்ல போகணும்." மண் தோற்றவனுக்கு உரியது என்று இப்படி ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்துவிட்டு, இன்று பெற்றோர் கைதட்டுகிறார்களே என்று ஆச்சரியப்படுவதில் அர்த்தமில்லை. அந்தப் பாடத்தில் அவர்கள் எல்லாரும் பாஸ்.

இதற்கு நேர் எதிராகவும் ஒரு கூத்து உண்டு. தை பிறப்பதற்கு முந்தின வாரம் பிள்ளைகளுக்கு வேட்டி கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, அட்டையில் வெட்டிய அரிவாளைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பது. பிறகு 'உழவனே நாட்டின் முதுகெலும்பு' என்று பேச்சுப்போட்டி. தண்டனைத் தோட்டத்தைவிட எனக்கு இதுதான் அதிக எரிச்சல். அந்தத் தோட்டத்திலாவது நிஜமான வெண்டை காய்த்தது.

சிகாகோ பள்ளியைப் பற்றி உங்கள் அண்ணன் சொன்னது சரிதான். அந்த நகர எல்லைக்குள் மிஞ்சியிருந்த கடைசிப் பண்ணையில், 72 ஏக்கரில், 1985-இல் தொடங்கினார்கள். பிலடெல்பியாவில் இன்னும் முன்னால், 1943-லேயே ஒன்று வந்துவிட்டது. சிகாகோ பள்ளியில் எனக்குப் பிடித்தது ஏக்கர் கணக்கு இல்லை. கால்நடை, தோட்டக்கலை, உணவு அறிவியல் என்று பிரித்திருப்பதோடு வேளாண் நிதி என்றே ஒரு தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1928-இல் 'வருங்கால விவசாயிகள்' என்று தொடங்கிய மாணவர் அமைப்பு, 1988-இல் முழுப்பெயரை விட்டுவிட்டு எஃப்.எஃப்.ஏ. என்ற வெறும் எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டது. இதில் சேருகிற பிள்ளை உழுதுதான் தீர வேண்டும் என்பதில்லை. விதை, உணவு, வங்கி, ஆய்வகம் என்று எங்கேயும் போகலாம் என்று காட்டத்தான் அந்த மாற்றம்.

நமக்கு 72 ஏக்கர் வேண்டாம். நம் திருநெல்வேலிக்கு நடுவிலேயே வாய்க்கால் ஓடுகிறது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. பழவூரில் பிரிகிற பாளையங்கால்வாய் மேலப்பாளையம் வழியாக உங்கள் ஊருக்கு வருகிறது. சுத்தமல்லியில் பிரிகிற நெல்லைக் கால்வாய் டவுனுக்கு வந்து நயினார்குளத்தை நிரப்புகிறது. உங்கள் பையன் அந்த வாய்க்காலைப் பாலத்தின் மேல் பஸ்ஸில் தாண்டுகிறான், அநேகமாக மூக்கைப் பொத்திக்கொண்டு. புது பஸ் ஸ்டாண்டு இருக்கும் இடத்தின் பெயரே வேய்ந்தான்குளம். முதல் இரண்டு பீரியடுக்கு வேறெதுவும் வேண்டாம். இந்த வாய்க்கால் எங்கிருந்து வருகிறது, எந்த மடையில் யாருக்குப் போகிறது, குளம் நிறைந்தால் மறுகால் தண்ணீர் எங்கே போகிறது, நம் வீட்டுச் சாக்கடை எந்த இடத்தில் அதில் கலக்கிறது என்று ஒரு படம் வரையட்டும். புவியியல் வாத்தியாருக்கும் வேலை மிச்சம்.

அப்புறம் நெல். சிமெண்ட் தளம் ஒரு பொருட்டே இல்லை. பழைய பிளாஸ்டிக் டிரம்மைக் குறுக்கே அறுத்தால் இரண்டு தொட்டி. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-லிருந்து இருக்கிறது. அவர்கள் 1986-இல் வெளியிட்ட அம்பை 16 குட்டையான ரகம், குண்டு அரிசி, ஏறக்குறைய 110 நாள். இட்லிக்கு வாங்குகிற அரிசியில் அது எத்தனையோ வீட்டுக்கு வந்திருக்கும், பெயரில் இருப்பது நம் அம்பாசமுத்திரம் என்று தெரியாமலே. காருக்கு ஜூனில் தண்ணீர் திறப்பது வழக்கம், பள்ளி திறப்பதும் ஜூன். மாத நடுவில் விதைத்து, இருபது நாளில் பிடுங்கி நட்டால், காலாண்டு லீவு முடிந்து பிள்ளைகள் வரும்போது கதிர் முற்றி நிற்கும்.

விதைப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் பெரியப்பா வீட்டு அடுப்படியில் பார்த்தது. ஒரு பக்கெட் தண்ணீரில் கோழிமுட்டையைப் போடுவார், அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கரைத்துக்கொண்டே வருவார். முட்டை மெல்ல எழும்பி, நாலணா அகலத்துக்குத் தலை வெளியே தெரிந்ததும் உப்பு போதும். முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டுவார். மிதப்பதெல்லாம் கோழிக்கு, அமிழ்ந்தது நாற்றங்காலுக்கு. உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும், இல்லாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும். பிறகு ஒரு ராத்திரி ஊறவைத்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடி வைப்பார். மறுநாள் சாக்குக்குள் கையை விடச் சொன்னார். காய்ச்சல்காரன் கழுத்தைத் தொட்ட மாதிரிச் சுட்டது. "விதை மூச்சு விடுது" என்றார். அடர்த்தி என்பதையும் சுவாசித்தல் என்பதையும் நான் பின்னால் புத்தகத்தில் படித்தேன், இரண்டையும் அந்த அடுப்படியோடு சேர்த்துப் பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு கைப்பிடி விதையில் அந்தச் சூடு தெரியாது. ஐந்து கிலோவாவது கட்டச் சொல்லுங்கள். மிச்ச முளையைப் பக்கத்து ஊரில் நாற்றுப் பாவுகிறவருக்குக் கொடுத்துவிடலாம், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

நடுகை அன்று, நட்டுப் பழகிய அம்மா ஒருவரை வரவழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஆசிரியருக்குக் கொடுக்கிற மதிப்பூதியத்தையே அவருக்கும் கொடுக்க வேண்டும். சேலையைப் பொன்னாடை என்று போர்த்தி அனுப்பிவிடுகிற வேலை வேண்டாம்.

பெற்றோர் கேட்கிற 'இதனால் என்ன பிரயோஜனம்' என்பதற்கும் பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் வந்தது, அதில் வேளாண்மை உண்டு. வல்லநாட்டை ஒட்டிய கிள்ளிகுளத்தில் 1980-களின் நடுவிலிருந்து வேளாண் கல்லூரி நடக்கிறது. பி.எஸ்ஸி. அக்ரி சீட்டுக்கு கட் ஆஃப் கணக்கு போட்டுக்கொண்டு ராத்திரி தூங்காத அப்பாக்கள் அந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். பிளஸ் டூ முடித்தபின் சேறு கௌரவம், ஏழாம் வகுப்பில் மட்டும் கேவலமா என்று கேளுங்கள். கொஞ்சம் சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

மார்க் வேண்டாம், பிள்ளைகள் ஆசையாகப் படிக்கட்டும் என்று யாராவது பெருந்தன்மையாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மார்க் இல்லாத பீரியடுக்கு நம் ஊரில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். பி.டி. பீரியடை வாங்கிக்கொள்கிற மாதிரி இதையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார்.

ஆனால் கணக்கு இங்கேயே இருக்கிறது. ஒரு தொட்டியில் அரைக்கிலோ நெல் தேறினால் பெரிய விஷயம். அன்றைய கொள்முதல் விலைக்கு அதைப் போட்டுப் பார்க்கட்டும். இரண்டு பிள்ளைகள் மூன்றரை மாதம் பார்த்துக்கொண்ட பண்டத்துக்கு, ஏறக்குறைய ஒரு டீக் காசு வரும். இதற்குச் செலவு எவ்வளவு, கூலி போட்டால் எவ்வளவு, எலி தின்றது எவ்வளவு என்று நோட்டில் எழுத வேண்டும். இந்தக் கணக்குப் பக்கம் இல்லாத வேளாண்மை வகுப்பு வந்தால், தங்கச்சி, நானும் அந்தக் கைதட்டியவர்களோடு சேர்ந்து எதிர்ப்பேன்.

அந்த நோட்டு எழுதுகிற அன்றைக்கு, கூட்டத்தில் எழுந்து கத்தினாரே அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவருடைய அப்பாவுக்கு எத்தனை கோட்டை விதைப்பாடு நிலம் இருந்தது, எந்தக் குளத்துப் பாசனம், கடைசி வருஷம் என்ன விளைந்தது, என்ன விலைக்கு விற்றார், யார் வாங்கினார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். அவர் மாட்டேன் என்று சொல்ல மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கூட்டத்துக்கு முன்னாலேயே அவரைத் தனியாகப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

விதைக்கு அலைய வேண்டாம். மே கடைசியில் அம்பாசமுத்திரம் பக்கம் போகிற வேலை இருக்கிறது. ஐந்து கிலோ வாங்கி வருகிறேன். முட்டை உங்கள் செலவு.