அக்காவுக்குத் தெரியாத மொட்டை மாடி

வணக்கம். வயது 46. பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை.

அக்கா பல வருடமாக ஒரு தியான இயக்கத்தில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை கூட்டுத் தியானம் அவள் வீட்டுக் கொட்டகையில்தான். என்னைத் தீட்சை வாங்க வைத்ததும் அவள்தான். நானும் நம்பித்தான் போனேன். அப்புறம் பார்த்தால் எல்லாம் பணம். முதல் நிலைக்கு ஒரு தொகை, அடுத்த நிலைக்கு அதைவிடப் பெரிய தொகை. கேட்டால் 'உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை' என்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, ஊரில் காசே புழங்காது. அந்த நேரத்தில் போய்ச் சங்கிலியை அடகு வைத்து அடுத்த நிலைக்குக் கட்டியிருக்கிறாள். மச்சான் வாயைத் திறக்கவில்லை.

2020 டிசம்பரில் புரெவி புயல் நம் கரைக்குப் பக்கத்தில் வந்து வலுவிழந்ததே, அதுவும் இவர்கள் தியானத்தால்தானாம். ஒரு வெள்ளிக்கிழமை அக்கா இதைச் சொன்னபோது என்னால் அடக்க முடியவில்லை. "அப்போ 1964-ல் தனுஷ்கோடியில் போன நம்ம தாத்தா தியானம் பண்ணாததாலா செத்தார்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். கேட்டதில் என்ன தப்பு? அன்று முதல் நான் துரோகி. அன்பர்கள் ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என் மகள் சடங்கில் அத்தையாக முன்னால் நிற்க வேண்டியவள், வரவே இல்லை. எல்லாம் அந்தப் பணத்தைக் கேட்டதால் வந்தது.

(குடியை விட்ட புதிதில் அக்காதான் விடியற்காலையில் எழுப்பி உட்கார வைப்பாள். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போதும் மொட்டை மாடியில் உட்காருகிறேன், மனைவி கேட்டால் கொசுத்தொல்லை என்பேன். விட்டால் பழையபடி ஆகிவிடுமோ என்றுதான். அது வேறு விஷயம்.)

பணத்தைப் பற்றிக் கேட்டது குற்றமா? அக்காவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பெயர் வேண்டாம், பாம்பன்

அன்புள்ள சகோதரருக்கு,

பணத்தைப் பற்றிக் கேட்டது குற்றமில்லை. புரெவி விஷயத்திலும் நியாயம் உங்கள் பக்கம்தான். திருகோணமலைப் பக்கம் கரையேறி, இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்கு வந்த பிறகு தளர்ந்த புயல் அது. நிலத்தைக் கடக்கிற புயல் வலுக் குறைவது எப்போதும் நடப்பதுதான். சரி, அதை விடுங்கள்.

எனக்கு அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் உங்கள் கடிதமாகப் படுகிறது. ஊரறிய இயக்கத்தை எதிர்க்கிறீர்கள், விடிவதற்குள் அது சொல்லித்தந்ததை ஒளிந்து செய்கிறீர்கள். அதனால் நன்மை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் அடகுச் சங்கிலியையும் புயல் கதையையும் சேர்த்து ஒத்துக்கொண்டதாகிவிடுமே என்ற தவிப்பு. கூட்டத்தில் குரல் அவ்வளவு உயர்ந்ததற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படி ஆகவே ஆகாது. மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானத்தை அமெரிக்காவில் வாலஸ், பென்சன் என்று இருவர் ஆய்வு செய்தார்கள். தியானத்தின்போது உடல் பிராணவாயுவைச் செலவழிப்பது குறைகிறது என்று 1970-களின் தொடக்கத்தில் சேர்ந்தே எழுதினார்கள். பிறகு வாலஸ் அந்த இயக்கத்தின் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகப் போனார். பென்சனோ, இந்த அமைதிக்கு அவர்கள் தரும் மந்திரம்தான் வேண்டும் என்பதில்லை, எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் போதும் என்று 1975-ல் எழுதினார். வழி பிரிந்தது, ஆனால் இயக்கத்தோடு போகவில்லை என்பதற்காகப் பென்சன் அந்த அமைதியைப் பொய் என்று சொல்லிவிடவில்லை. நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடியில் கிடைக்கிற அமைதி உங்களுடையது, அதற்கு யாருக்கும் அடுத்த தொகை கட்ட வேண்டாம்.

இனி சொல்வது கொஞ்சம் உறுத்தும். அக்காவுக்குப் புரிய வைக்க வேண்டும் என்கிறீர்கள். எல்லாமே ஏமாற்று என்று அவள் ஒத்துக்கொண்டால், உங்களைக் குடியிலிருந்து தூக்கி உட்கார வைத்தாளே, அந்தக் கடனும் சேர்ந்து அழிந்துவிடும். உள்ளுக்குள் அதற்கும்தான் ஏங்குகிறீர்களோ? தனுஷ்கோடியில் போனவர் அவளுக்கும் தாத்தா. அவள் வீட்டுக் கொட்டகையில், அவள் கூட்டிய ஆட்கள் முன்னால், அந்தச் சாவை எடுத்து அவள் மேலேயே வீசினீர்கள். கேள்வி சரிதான். ஆனால் அவள் சடங்குக்கு வராதது பணத்தைக் கேட்டதற்காக இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் வர யோசித்திருப்பேன்.

குடி திரும்பிவிடுமோ என்ற பயத்தை மட்டும் மொட்டை மாடியை நம்பி விட்டுவிடாதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள், நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அது அரசின் இலவச மனநல உதவி எண். மனைவியிடமும் கொசுக் கதை வேண்டாம், பயப்படுகிறேன் என்றே சொல்லுங்கள்.

அக்காவைப் போய்ப் பாருங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம், ஆள் இல்லாத நேரமாக. தாத்தாவை இழுத்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். இன்னும் உட்காருகிறேன், நீ கற்றுக்கொடுத்ததுதான் என்று சொல்லுங்கள். அதற்காக இயக்கத்துக்குத் திரும்பி வா என்பாள், மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சங்கிலியை மீட்கிற பேச்சு அவசியம்தான், ஆனால் அதை அன்றைக்கே எடுக்காதீர்கள். மச்சானையும் வைத்துக்கொண்டு இன்னொரு நாள், அடகுச் சீட்டையும் வட்டிக் கணக்கையும் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர், அது உங்களுக்கு நன்றாக வரும்.