முதலில் சுரண்டுங்கள், அப்புறம் ஒட்டலாம்

கேள்வி: 1928ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ காரின் 1/24 கிட் (நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு அளவில், பாகம் பாகமாக வரும் பிளாஸ்டிக் மாதிரி) ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கதவு வைத்த டியூடர் செடான். இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. பாகங்களை ஒட்டாமல் சும்மா பொருத்திப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் சேர்கிறது, ஆனால் பார்க்கப் பொம்மை மாதிரியே இருக்கிறது. எஞ்சினில் வைக்க ஸ்பார்க் பிளக் வயர் செட் ஒன்று வாங்கியிருக்கிறேன். நுணுக்க வேலையை எங்கிருந்து தொடங்குவது? சக்கரங்களையும் பளபளக்கும் குரோம் பாகங்களையும் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த வயர் செட்டை எடுத்து மேசை டிராயருக்குள் வையுங்கள். மாடல் ஏ எஞ்சினில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் சிலிண்டர் ஹெட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நான்கு பிளக்குகளுக்கும் வயர் போவதில்லை. குட்டையான, பட்டையான நான்கு உலோகத் தகடுகள்தான் போகின்றன. தடித்த வயர் என்று இருப்பது, பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் ஒன்றே ஒன்று. நான்கு சிவப்பு வயர்களை வளைத்து வளைத்து ஒட்டினால், தெரியாதவர் ‘ஆகா’ என்பார். தெரிந்தவர் சிரிப்பார். இதற்கு முந்தைய மாடல் டி-யில் கதையே வேறு: அங்கே மரப்பெட்டிக்குள் நான்கு காயில்கள் வரிசையாக இருக்கும். ஆக, எந்தப் பழைய காராக இருந்தாலும் அந்த ஆண்டின் எஞ்சின் படம் ஒன்று கையில் இல்லாமல் வயரைத் தொடாதீர்கள்.

இப்போது பொம்மை மாதிரி தெரிவதற்கு வருவோம். காரணம் அநேகமாகப் பாகங்கள் குறைவதல்ல, கனம் கூடியிருப்பதுதான். ஒரு கணக்குப் போடுங்கள். நிஜக் காரின் மட்கார்டுத் தகடு சுமார் 1 மி.மீ. கனம். அதை 24-ஆல் வகுத்தால் 0.04 மி.மீ., சிகரெட் தாள் அளவு. கிட்டில் வரும் பிளாஸ்டிக் மட்கார்டின் ஓரமோ 1 மி.மீ. இருக்கும். அதாவது உங்கள் ஃபோர்டின் மட்கார்டு ஏறக்குறைய ஓர் அங்குலப் பலகையில் செய்தது! கண்ணுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் ஏதோ தப்பு என்பது மட்டும் உடனே தெரிந்துவிடும்.

ஆகவே பிரைமர் அடிக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை ஓரங்களைச் சீவுவது. முழு மட்கார்டையும் மெல்லியதாக்க முடியாது, தேவையும் இல்லை. வெளியே தெரிவது ஓரம் மட்டும்தானே. மட்கார்டைக் கவிழ்த்துப் பிடித்து, உள்பக்கத்தில் ஓரத்திலிருந்து 3 மி.மீ. அகலத்துக்குச் சரிவாகச் சுரண்டுங்கள். கத்தியால் வெட்டக் கூடாது. புது பிளேடைச் செங்குத்தாக நிறுத்தி, முதுகுப் பக்கமாக, தேங்காய் துருவுவது போல லேசாக இழுக்க வேண்டும். பிளாஸ்டிக் பொடிப்பொடிச் சுருளாக வரும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிர் நிற பிளாஸ்டிக்கானால் ஓரம் லேசாக ஒளியை உள்ளே விடத் தொடங்கும். அத்தோடு நிறுத்திவிடுங்கள், இன்னும் இரண்டு இழுப்பு போனால் ஓரம் அலை அலையாக நெளிந்துவிடும். பிறகு 600, அப்புறம் 1000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். மட்கார்டு முடிந்ததும் இதே வைத்தியத்தைக் கதவின் அடி ஓரம், பானெட்டின் ஓரம், முன் கண்ணாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வெயில் மறைப்பு ஆகியவற்றுக்கும் செய்யுங்கள். ஒரு மாலை முழுக்க இதற்கே போகும். ஒரு கிட்டுக்கு ஒரு நாள்தான் தருவேன் என்று யாராவது என்னிடம் சொன்னால், அந்த ஒரு நாளையும் இதற்கே செலவழிப்பேன்.

சக்கரத்துக்கும் இதே வழிதான். மாடல் ஏ-யின் சக்கரம் எஃகு ஸ்போக்குகளை ரிம்மிலும் மையக்குடத்திலும் வெல்டு வைத்துச் செய்தது. சைக்கிளில் இருப்பது போல ஸ்போக்கை இறுக்கும் நிப்பிள் இருக்காது. பந்தயக் கார்களில் வரும், நடுவில் இறக்கை வைத்த ஒற்றை நட்டும் கிடையாது. தனியாகக் கிடைக்கும் கம்பிச் சக்கர செட்டுகளில் பல அந்தப் பந்தயக் கார் வகைக்கானவை. அவற்றை வாங்கிப் பொருத்தினால் வேலை அழகாக இருக்கும், கார் வேறாகிவிடும். கிட்டில் வந்த சக்கரத்தையே திருப்பிப் போட்டு, ஒவ்வொரு ஸ்போக்கின் பின்புறத்தையும் இரண்டு பக்கமும் சரிவாகச் சீவி, குறுக்குவெட்டில் முக்கோணம் போல ஆக்குங்கள். முன்னாலிருந்து பார்ப்பவருக்கு முன் விளிம்பு மட்டுமே தெரியும். தடித்த ஸ்போக் பாதியாக மெலிந்துவிட்டது போல இருக்கும். ஒரு சக்கரத்துக்கு முப்பது ஸ்போக். உதிரிச் சக்கரத்தோடு சேர்த்து ஐந்து சக்கரம். பொறுமை இருந்தால் ஐந்தையும் செய்யுங்கள், இல்லாவிட்டால் பார்வைக்கு வைக்கும் பக்கத்தை மட்டுமாவது முடியுங்கள். நான் இரண்டாவது ரகம்.

டயரின் விட்டத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். 1928, 1929 மாடல்களுக்கு 21 அங்குல ரிம்மில் 4.50 அங்குல டயர். டயரோடு சேர்த்து மொத்த விட்டம் சுமார் 30 அங்குலம். 1/24-ல் அது கிட்டத்தட்ட 32 மி.மீ. வர வேண்டும். 1930-லிருந்து ரிம் 19 அங்குலமாகக் குறைந்தது. உங்கள் டயர் வெகுவாகச் சிறியதாக இருந்தால், கிட் தயாரிப்பவர்கள் ஒரே வார்ப்பு அச்சை இரண்டு வகை மாடல்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். வினைல் டயரின் மினுமினுப்பை உப்புத்தாளால் போக்கி, தரையில் படும் பாகத்தைக் கொஞ்சம் தட்டையாகத் தேய்த்துவிடுங்கள். வண்டிக்கு எடை இருப்பது போல உட்காரும். பழைய கிட்டுகளில் இந்த வினைல், காலப்போக்கில் பிளாஸ்டிக் ரிம்மை இளக்கித் தின்றுவிடும். ரிம்மில் டயர் தொடும் இடத்தில் உலோகத் தாளைச் சுற்றிவிட்டால் அந்தத் தொல்லை இருக்காது.

குரோம் பாகங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1928 மாடல் ஏ-யில் குரோமே இல்லை. ரேடியேட்டர் கூடும் ஹெட்லைட்டும் நிக்கல் முலாம் பூசியவை. 1930-ல்தான் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறினார்கள். குரோமின் பளபளப்பில் லேசான நீலம் கலந்திருக்கும். நிக்கலில் சற்றே மஞ்சள் ஓடும், வெதுவெதுப்பான பளபளப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டில் வரும் கண்ணாடி போன்ற பூச்சு இரண்டுமே இல்லை. அதோடு, வெட்டி எடுத்த இடத்தில் பிளாஸ்டிக் வேறு பல்லிளிக்கும்.

அதை எடுப்பது எளிது. துணி வெளுக்கும் சாதாரண ப்ளீச் திரவத்தில் பாகங்களைப் போட்டு வைத்தால், சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் பூச்சு கரைந்துவிடும், ஏனென்றால் அது மிக மெல்லிய அலுமினியப் படலம்தான். கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ப்ளீச்சோடு அமிலத்தையோ வேறு சுத்தம் செய்யும் திரவத்தையோ எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. விஷ வாயு கிளம்பும். பூச்சுக்கு அடியில் பளபளப்புக்காக அடித்த வார்னிஷ் மிஞ்சியிருக்கலாம், அதையும் தேய்த்துவிட்டு, வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோட்டைச் சீவி, பளபளக்கும் கறுப்பு அடியுங்கள். அது நன்றாகக் காய்ந்த பின், அதன் மேல் குரோம் லாக்கரை ஏர்பிரஷ்ஷில் பனி போல இரண்டு சுற்று. கடைசியாக, ஒளிபுகும் மஞ்சளில் ஒரே ஒரு துளியை வார்னிஷில் கலந்து மெல்லியதாக ஒரு பூச்சு. துளி இரண்டானால் நிக்கல் பித்தளையாகிவிடும். நான் ஒரு ஹெட்லைட்டை அப்படிப் பித்தளையாக்கியிருக்கிறேன்.

ஹெட்லைட்டின் ஒளிபுகும் வில்லையைக் கவனியுங்கள். பெரும்பாலும் அதன் நடுவில், உள்பக்கம் ஒரு முளை இருக்கும், பொருத்துவதற்காக. வெளியிலிருந்து பார்த்தால் அது கண்மணி போலக் கறுப்புப் புள்ளியாகத் தெரியும், காரே நம்மை முறைப்பது போல. முளையை வெட்டி, தேய்த்து, மெருகேற்றிவிட்டு, ஓரத்தில் மட்டும் வெள்ளைப் பசை வைத்து ஒட்டுங்கள். கண்ணாடிப் பாகங்கள் எதையும் சூப்பர் க்ளூ பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் பனியாகப் படியும். மூன்று வாரம் உழைத்து முடித்த ஒரு காரின் முன் கண்ணாடியை இப்படிப் பறிகொடுத்தபின்தான் எனக்குப் புத்தி வந்தது. கூரையை ஒட்டிவிட்டதால் கழற்றவும் வழியில்லாமல் போனது.

பெயின்டுக்கு ஒரு வார்த்தை. மாடல் ஏ-யின் உடல் எந்த நிறமாக இருந்தாலும் மட்கார்டு கறுப்புதான். அது எனாமல், நல்ல பளபளப்பு. உடலுக்கு அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இன்றைய கார் போலக் கண்ணாடியாக மின்னாது, சற்று அடங்கிய பளபளப்பு. இந்த இரண்டு மினுப்புகளுக்கும் நடுவே உள்ள சிறு வித்தியாசம் எந்தக் கூடுதல் பாகத்தையும் விட அதிகம் பேசும். டியூடரின் கூரையோ முழுத் தகடு கிடையாது. நடுவில் பெரிய பகுதி ரப்பர் பூசிய துணி. கிட்டில் அது ஒரே வழவழப்பாக வந்திருக்கும். ஒற்றை அடுக்கு டிஷ்யூ தாளை நீர்த்த வெள்ளைப் பசையில் நனைத்துப் பரப்பி, காய்ந்ததும் மினுப்பில்லாத கரும்பழுப்பு அடியுங்கள். சுத்தக் கறுப்பு வேண்டாம், இந்தச் சிறிய அளவில் அது ஓட்டை மாதிரி தெரியும்.

உடலைச் சுற்றி இடுப்பில் ஓடும் மெல்லிய கோடுதான் பலரைப் பயமுறுத்துகிறது. நிஜத்தில் 3 மி.மீ. அகலம் என்று வைத்தாலும் 1/24-ல் 0.13 மி.மீ. அதை நேராக வரையக் கை ஒத்துழைக்காது. உடலுக்கு லாக்கர் அடித்து, அது நன்றாகக் காய்ந்ததும், கோடு வர வேண்டிய புடைப்பின் மேல் எனாமல் பெயின்டைத் தாராளமாகவே, தடிமனாகவே இழுங்கள். பத்து நிமிடம் கழித்து, பற்குச்சியின் முனையை உளி போலச் சீவி, எனாமல் தின்னரில் தொட்டு, தாளில் ஒற்றி, கோட்டின் இரு கரையையும் மாற்றி மாற்றித் துடைத்து மெலியவையுங்கள். லாக்கர் முழுசாகக் காய்ந்திருந்தால் எனாமல் தின்னர் அதைத் தொடாது. தப்பினால் முழுக் கோட்டையும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். ஆனால் தின்னர் டப்பாவை இரண்டு தடவை பார்த்து எடுங்கள். லாக்கர் தின்னரைத் தொட்டால் கோட்டோடு உடலும் போய்விடும்.

கதவு இடுக்குகளில் கறுப்பு மையை நிரப்புவதையும் தவிருங்கள். உடல் நிறத்தையே நாலு மடங்கு கருமையாக்கி, நீர்த்து, இடுக்கின் ஒரு முனையில் தூரிகையால் தொட்டால் தானாக ஓடி நிரம்பும்.

கடைசியாக எஞ்சின். பிளாக்குக்கு ஃபோர்டின் கரும்பச்சை. எக்ஸாஸ்ட் குழாய்க்கு அந்தப் பச்சை வேண்டாம், வெந்த இரும்பின் சாம்பல்-பழுப்பு. பிளக்குகளுக்குப் போகும் நான்கு தகடுகளை, அமிலத்தில் அரித்தெடுத்த பித்தளைப் பாகங்கள் ஏதாவது கையில் இருந்தால், அவை ஒட்டிக்கொண்டு வரும் சட்டத்திலிருந்தே வெட்டலாம். எப்படியும் தூக்கிப் போடுவதுதான். அரை மி.மீ. அகலத்துக்கு நறுக்கி, சாமணத்தால் நடுவில் லேசாக வில் போல வளைத்து ஒட்டுங்கள். மாடல் ஏ-யில் பெட்ரோல் டேங்க் முன் கண்ணாடிக்கு நேர் முன்னால், டாஷ்போர்டுக்குப் பின்னேயே இருக்கிறது. பம்ப் கிடையாது, தன் எடையில் தானே கார்புரேட்டருக்கு இறங்கும். அந்தப் பைப்பைக் கிட் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எலக்ட்ரிக் வயருக்குள் இருக்கும் செப்பு இழைகளில் சுமார் 0.3 மி.மீ. கனமுள்ள ஒன்றை எடுத்து, குண்டூசியில் சுற்றி வளைவு கொடுத்து, டேங்கின் அடியிலிருந்து கார்புரேட்டர் வரை ஓட்டிவிடுங்கள். பானெட்டைத் திறந்ததும் கண் முதலில் அங்கேதான் போகும்.

இப்போது டிராயரைத் திறந்து அந்த வயர் செட்டிலிருந்து ஒரே ஒரு வயரை எடுக்கலாம், காயிலுக்கு. நிஜ வயர் 7 மி.மீ. என்றால் உங்களுக்கு 0.3 மி.மீ. போதும், தடிமனாக இருந்தால் அதையும் விட்டுவிட்டு ஒரு செப்பு இழைக்கே கறுப்பு பூசுங்கள். அந்தக் காலத்து வயருக்கு மேல் பருத்தி நூல் பின்னியிருக்கும், அதனால் மினுப்பு வேண்டாம். மிச்சமிருக்கும் வயர்கள் 1932 ஃபோர்டு வி8 கட்டும்போது உதவும். அதில் எட்டு பிளக்.