டிஸ்க் பிரேக் சைக்கிளில் புது பேட் மாற்றியும் பிரேக் பிடிக்காமல் கீச்சிடுவது ஏன்?

பெரும்பாலும் பேட் இன்னும் ரோட்டரில் (சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டு) படியாமல் இருக்கும், இல்லையென்றால் எண்ணெய் பட்டிருக்கும்.

முதலில் படியவைத்துப் பாருங்கள். ஆளில்லாத சாலையில் 20 கி.மீ. வேகம் பிடித்து, நடை வேகத்துக்கு வரும்வரை சீராக அழுத்துங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். முன், பின் பிரேக்குகளுக்குத் தனித்தனியாக 20 தடவை இப்படிச் செய்தால், பேடின் பொருள் ரோட்டரில் மெல்லிய படலமாக ஏறும். நல்ல பிடிப்பு அந்தப் படலத்தால்தான் வருகிறது.

அப்படியும் மாறவில்லையா? பேடைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஈரம் பட்டதுபோல் கருத்து மினுங்கினால் எண்ணெய் குடித்துவிட்டது. செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே தெறித்துத்தான் பெரும்பாலும் இப்படி ஆகும். உப்புத்தாளில் தேய்த்து மெனக்கெட வேண்டாம், எண்ணெய் உள்ளே ஊறியிருக்கும். ரோட்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு வேறு பேட் போடுங்கள்.

வாங்குமுன் ரோட்டரில் பொறித்திருப்பதைப் படியுங்கள். 'ரெசின் பேட் மட்டும்' என்றிருந்தால் மெட்டல் பேட் கூடவே கூடாது; ரோட்டரைச் சீக்கிரம் அரித்துவிடும். ஷிமானோ ரோட்டர் 1.5 மி.மீ.க்குத் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

ஹைட்ராலிக் (கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும்) பிரேக்கில் பழைய பேட் உள்ளே இருக்கும்போதே, பேடை அழுத்தும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுங்கள். சக்கரம் கழன்றிருக்கும்போது லீவரைத் தொடாதீர்கள். பிஸ்டன் வெளியே வந்து, புது பேடுக்கு இடமே இருக்காது.